வெள்ளைக் குதிரைக்குச் சொட்டு நீலம்

வெள்ளைக் குதிரையைச் சுத்தமாக வைத்திருப்பதைப் போல ஓயாத வேலை வேறு கிடையாது. செம்பழுப்புக் குதிரை என்றால் புழுதி பட்டாலும் தெரியாது. வெள்ளை அப்படி இல்லை. படுத்து எழுந்தாலே தொடையிலும் வயிற்றோரத்திலும் மூத்திரக் கறை மஞ்சளாகப் பிடித்திருக்கும். அதைச் சீயக்காய் போட்டு ஊறவைத்து, தேங்காய் நாரால் மயிர் போகும் பக்கமாகவே தேய்க்க வேண்டும். கடைசியாக வாலைச் சொட்டு நீலம் கலந்த வாளியில் முக்கி எடுக்க வேண்டும். நீலம் கொஞ்சம் கூடிவிட்டால் வால் ஊதாவாகிவிடும். கல்யாண வீட்டில் சிரிப்பார்கள்.

புத்தூருக்கும் கார்வேட்டிநகரத்துக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் வீடு. அதன் பின்பக்கத்து வேப்ப மரத்தடியில், கல்யாணமாகி வந்த நாள் முதல் இந்த வேலையைச் செய்தவள் நான். என் கணவரும் அவருடைய அண்ணனும் சேர்ந்து கல்யாண ஊர்வலங்களுக்குக் குதிரை விட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணன் குடும்பத்தோடு திருப்பதியில் இருந்தார். அங்கே மண்டபம் மண்டபமாகப் போய் ஆர்டர் பிடிப்பது அவர் வேலை. குதிரை எங்கள் வீட்டில் இருக்கும். ஊர்வலத்தன்று என் கணவர் அதை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு போவார், ஜரிகைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு கடிவாளத்தைப் பிடித்து நடப்பார். நான் ஒரு ஊர்வலத்துக்கும் போனதில்லை. அலங்காரம் முடிந்து லாரியில் ஏறும் வரைதான் குதிரை எனக்கு. மறுநாள் வெடிப்புகையும் சந்தனமும் சிகரெட் சாம்பலும் ஒட்டிக்கொண்டு அவள் திரும்பி வருவாள். நான் மறுபடி தேய்ப்பேன்.

பெண் குதிரை. எங்களிடம் வந்தபோதே இடது காதின் நுனி கிழிந்து இரண்டாகப் பிரிந்திருந்தது. குட்டியில் நாய் கடித்தது என்று விற்றவர் சொன்னாராம். தலையில் குஞ்சம் கட்டிவிட்டால் அது தெரியாது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதற்காகக் குதிரையைப் பிள்ளையாக நினைத்தேன் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். குதிரை குதிரைதான். உதைக்கும், கடிக்கும், வேண்டுமென்றே நம் காலை மிதிக்கும். ஆனால் என் கைக்கு அவள் பழகியிருந்தாள். நான் தேய்க்கத் தொடங்கினால் உடம்பின் பாரத்தையெல்லாம் என் மேல் சாய்த்து நிற்பாள்.

என் கணவர் டெங்கு ஜுரத்தில் போனார். காரியம் முடிந்த மறுநாள் காலையில், வேறு என்ன செய்வது என்று தெரியாமல் நான் பின்பக்கம் போய்க் குதிரைக்குத் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய அண்ணன் வந்து நின்றார். கூட மினி லாரிக்காரன்.

"நாரைக் கீழ போடும்மா" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "பாதி தேய்ச்சிட்டேன் மாமா. முடிச்சிடறேன்."

"சொன்னா புரியல? கல்யாணத்துக்குப் போற குதிரை இது. தாலி அறுத்த கை படக்கூடாது. நாலு பேருக்குத் தெரிஞ்சா எவன் ஆர்டர் குடுப்பான்?"

துக்கத்துக்கு வந்து தங்கியிருந்த உறவுக்காரர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு பக்கம் வெள்ளையாகவும் இன்னொரு பக்கம் மஞ்சள் கறையோடும் அவளை லாரியில் ஏற்றினார்கள். பலகையில் கால் வைக்க மாட்டேன் என்று அடம் பிடித்தாள். அவர் சவுக்குக் குச்சியால் அவள் பின்னங்காலில் அடித்தார். எங்கள் வீட்டில் அவளை யாரும் அடித்ததில்லை. அந்தச் சத்தம் என் காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

அதன் பிறகு ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். மின்விசிறிக்கு உள்ளே வைக்கிற கம்பிச் சுருளைச் சரிபார்க்கும் வேலை. விடியும் முன் எழுந்து கம்பெனி பஸ் பிடித்துப் போவேன், இருட்டுகிற நேரத்துக்கு வருவேன். பஸ்ஸில் மற்றவர்கள் தூங்குவார்கள். நான் என் கணவரின் அண்ணனைப் பற்றி நினைத்துக்கொண்டு போவேன். அவருக்கு உடம்பு முடியாமல் போய் நான் பார்க்கப் போகாமல் இருப்பதாக, அவர் என் வீட்டு வாசலில் நின்று கெஞ்சுவதாக விதவிதமாக நினைப்பேன். கம்பெனி வாசல் வந்ததும் அதை அப்படியே நிறுத்திவிட்டு, சாயங்காலம் பஸ் ஏறியதும் விட்ட இடத்தில் தொடங்குவேன். எனக்கு அதில் அலுப்பே வரவில்லை.

என் வரிசையில் ஏர்பேட்டுப் பக்கத்துப் பெண் ஒருத்தி வேலை செய்தாள். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் போனை நீட்டினாள்.

"இத்த பாருக்கா. எங்க ஊர் ரோட்டோரமா நிக்குது. யாரோ வுட்டுட்டுப் பூட்டாங்க. மாடுங்களோட குப்பையத் துன்னுக்கினு கீது."

படத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு குதிரை தலையைத் தொங்கப்போட்டு நின்றது. விலா எலும்பை எண்ணலாம். முதுகில் கறுப்பாக ஏதோ இருந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது அது ஈ என்று தெரிந்தது. இடது காது இரண்டாகப் பிரிந்திருந்தது.

மறுநாள் லீவு போட்டுவிட்டு ஒரு மினி லாரி பேசிக்கொண்டு போனேன். செங்கல் சூளை ஒன்றின் பின்னால் நின்றிருந்தாள். நான் கூப்பிட்டதும் ஓடி வந்தாள் என்று சொல்ல ஆசைதான். வரவில்லை. மனித வாசனை பட்டதும் பின்னால் போனாள், பல்லைக் காட்டினாள். வெல்லமும் ஊறவைத்த கொள்ளும் கொண்டுபோயிருந்தேன். அதைத் தரையில் வைத்துவிட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். வெயில் ஏறி இறங்கிய பிறகுதான் என் தோளில் அவள் மூச்சு பட்டது. லாரி டிரைவர் அதற்குள் தூங்கி எழுந்துவிட்டார்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் அவள் உடம்பில் என்னென்ன நடந்திருக்கிறது என்று பார்த்தேன். சேணம் அழுந்தும் இடத்தில் முதுகுத் தோல் உள்ளங்கை அகலத்துக்கு உரிந்து சீழ் பிடித்திருந்தது. அந்தப் புண்ணின் மேலேயே சேணம் கட்டி மாப்பிள்ளைகளை ஏற்றியிருக்கிறார்கள். வாயோரம் இரண்டு பக்கமும் கடிவாளம் அறுத்த தழும்பு. குளம்புகள் நீண்டு ஓரம் வெடித்திருந்தன. ஒன்றை மடித்துச் சுரண்டியபோது உள்ளே அழுகல் நாற்றம் வந்தது. பின்னங்கால்களில் கோடு கோடாகச் சவுக்கு அடி.

புத்தூர் கால்நடை ஆஸ்பத்திரி டாக்டர் தெலுங்குக்காரர். மாட்டையும் ஆட்டையுமே பார்த்துப் பழகியவர். வாசலில் நின்று, "ஏமம்மா, இதி குர்ரமா?" என்று கேட்டார். குதிரையா இது என்று அவர் கேட்டதில் கிண்டல் இல்லை, நிஜமாகவே சந்தேகம்தான். ஊசி போட்டார், புண்ணில் தடவ மருந்து எழுதிக் கொடுத்தார். பிழைத்தால் உன் அதிர்ஷ்டம் என்றார்.

அன்றிலிருந்து தொடங்கினேன். முதல் வேலை உண்ணி எடுப்பது. காதுக்குள்ளும் வாலடியிலும் தொடை இடுக்கிலும் உளுந்து உளுந்தாக இருந்தன. ஒவ்வொன்றாகப் பிடுங்கி மண்ணெண்ணெயில் போட்டேன். போடும்போதெல்லாம் ஒரு முகத்தை நினைத்துக்கொண்டேன். புண்ணை உப்புத் தண்ணீரில் கழுவி, மருந்து போட்டு, ஈ வராமலிருக்கச் சுற்றிலும் வேப்பெண்ணெய் தடவினேன். குளம்பைக் கொக்கியால் சுரண்டி, அழுகலை எடுத்து, காய வைத்தேன். சடை பிடித்திருந்த பிடரி மயிரில் தேங்காய் எண்ணெய் விட்டு விரலாலேயே பிரித்தேன். சீப்பு போட்டால் அறுந்துவிடும். புண் ஆறித் தோல் மூடிய பிறகு ரப்பர் சீப்பால் வட்டம் வட்டமாகத் தேய்த்துப் பழைய செத்த மயிரை எடுத்தேன். கம்பெனியிலிருந்து வந்ததும் சேலையை மாற்றிக்கொண்டு நேரே வேப்ப மரத்தடிக்குத்தான் போவேன்.

பக்கத்து வீட்டுப் பெண்கள், என்ன பாசம் பார் என்று பேசிக்கொண்டார்கள். பாசமும் இருந்தது. ஆனால் என் கையை அசைத்தது வேறு. பல்லைக் கடித்துக்கொண்டுதான் தேய்ப்பேன். "தாலி அறுத்த கை, தாலி அறுத்த கை" என்று மூச்சுக்கு மூச்சு வாய்க்குள் சொல்லிக்கொள்வேன். அந்தக் கோபத்தில் கை அழுந்தப் பதியும். குதிரைக்கு லேசாகத் தடவினால் கூச்சம். அழுந்தத் தேய்த்தால்தான் சுகம். நான் எவ்வளவு ஆத்திரமாகத் தேய்த்தேனோ அவ்வளவு கண்ணைச் செருகிக்கொண்டு கீழுதட்டைத் தொங்கவிட்டு நின்றாள். கொஞ்ச நாளில் பழையபடி என் மேல் சாயத் தொடங்கினாள்.

மயிர் புதிதாக முளைத்தபோது முன்பைவிட வெளுப்பாக வந்தது. முதுகில் புண் இருந்த இடம் மட்டும் வழவழவென்று முடி இல்லாமல் நின்றது. அங்கே படாதபடி மெத்தை தைத்து, மேலே சேணம் வைக்க வழி செய்தேன். மறுபடி கல்யாணங்களுக்கு விடுவது, ஆனால் எடை குறைந்த மாப்பிள்ளைகளை மட்டுமே ஏற்றுவது என்று முடிவு செய்தேன்.

முதலில் எங்களைக் கூப்பிட்டது புத்தூரில் ஒரு முஸ்லிம் வீட்டு நிக்காஹ். குதிரையை யார் பிடிக்கிறார்கள் என்று அவர்கள் கேட்கவே இல்லை. நானே பிடித்துக்கொண்டு நடந்தேன். அவளுக்குத்தான் பழக்கம், எனக்கு இல்லை. அவள்தான் என்னை இழுத்துக்கொண்டு போனாள். அந்த ஊர்வலத்தைப் பார்த்த ஒரு அம்மா மறு வாரமே என் வீட்டுக்கு வந்தார். ஐம்பது வயசு இருக்கும். நெற்றியில் பொட்டு இல்லை. நான் குளம்புக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன்.

"குதிரைய நீயேதான் இட்டுக்கினு வருவியாம்மா?"

"ஆமாங்க. வேற ஆள் இல்ல. வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க."

"நல்லா கேட்ட. எம் புள்ள மூணு வயசுல தகப்பன இழந்தவன். நானும் உன்ன மாதிரிதான். நீதான் வரணும், அதுக்குத்தான் தேடிக்கினு வந்தேன்." பிறகு தயங்கியபடி சொன்னார்: "பொண்ணு வூடு திருப்பதி. சம்பந்தி முன்ன குதிரை வெச்சிருந்தவராம். இப்ப லைட்டு வண்டி மட்டும்தான். அதுலயே மாப்பிள்ளைய ஏத்திடலாம்னாரு. எனக்குக் குதிரைதான் ஆசைன்னு சொல்லிட்டேன்."

என் கை எண்ணெய்க் கிண்ணத்திலேயே நின்றுவிட்டது. "அவங்க குதிரை இன்னா ஆச்சாம்?"

"செத்துப்போச்சாம். தம்பி சம்சாரம் ஒருத்தி கீறாளாம், ராசியில்லாதவளாம். புருசன முழுங்கிட்டு அப்பால அவ கைபட்டுக் குதிரையும் போச்சுன்னு சொல்லிக்கினு இருந்தாரு. எனக்கே கேக்க ஒரு மாதிரி ஆயிடிச்சி."

நான் குளம்பைத் தரையில் வைத்தேன். "வரேங்க" என்றேன். அவர் போன பிறகு குதிரையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அழுதேனா சிரித்தேனா என்று எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரிக்கே தெரிந்திருக்காது.

கல்யாணப் பெண் எனக்கு அந்நியம் இல்லை, என் கணவரின் அண்ணன் மகள். சின்ன வயதில் லீவுக்கு எங்கள் வீட்டில் வந்து தங்கி, இதே குதிரையின் வாலைப் பின்னிப் பார்த்தவள். அவள் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் போனேன்.

மாப்பிள்ளை அழைப்பு அன்று காலையிலிருந்தே குளிப்பாட்டினேன். சீயக்காய், எலுமிச்சை, அப்புறம் வெறும் தண்ணீர். வெயிலில் நிறுத்தித் துணியால் துடைத்துத் துடைத்துப் பட்டு மாதிரி ஆக்கினேன். கண்ணோரத்தையும் மூக்கோரத்தையும் ஈரப் பஞ்சால் துடைத்தேன். குளம்பு கண்ணாடி போல் மினுங்கியது. வாலுக்கு நீலத்தை அளந்து விட்டேன். அப்படி ஒரு வெள்ளை அதற்கு முன்பும் வந்ததில்லை, பிறகும் வந்ததில்லை. சிவப்பு வெல்வெட்டுத் துணி போட்டு, காதுகள் மறையும்படி நெற்றியில் மணிக் குஞ்சம் கட்டினேன். என் கணவரின் ஜரிகைத் தலைப்பாகை பெட்டியில் இருந்தது. அதை நான் கட்டிக்கொண்டேன்.

திருப்பதியில் கோயிலிலிருந்து புறப்பட்டு, பேண்டு வாத்தியம் முன்னால் போக, மண்டபத்தின் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தோம். விளக்குகள் எரியத் தொடங்கியிருந்த நேரம். பெண் வீட்டார் ஆரத்தித் தட்டோடு நின்றிருந்தார்கள். நடுவில் அவர். பட்டு வேட்டி, தோளில் அங்கவஸ்திரம். உடம்பு கொஞ்சம் பெருத்திருந்தது.

அவர் முதலில் என்னைப் பார்க்கவில்லை. குதிரையைத்தான் பார்த்தார். பக்கத்தில் நின்றவரிடம் தெலுங்கில், "ஏமி குர்ரமய்யா!" என்று வியந்தார். பிறகு தமிழில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "நானும் எத்தினியோ குதிரை பார்த்துகீறேன். இந்த மாதிரி அம்சமா ஒண்ணு இந்தப் பக்கத்துலயே கெடையாது. யார் வூட்டுது இது?"

குரல் கேட்டதும் அவள் உடம்பு விறைத்தது. குஞ்சத்துக்குள் காது பின்னால் மடங்குவது எனக்குத் தெரிந்தது. ஒரு அடி பின்னால் வைத்தாள். மேலே மாப்பிள்ளை சேணத்தை இறுக்கிப் பிடித்தான். என் பிடியை ஒரு விரல் தளர்த்தினால் போதும். முன்னங்காலைத் தூக்கியிருப்பாள், ஆரத்தித் தட்டும் அவரும் ஒன்றாக உருண்டிருப்பார்கள். எனக்கு அந்த ஆசை வந்தது. ஆனால் மேலே உட்கார்ந்திருந்தவன் அந்த அம்மாவின் ஒரே பிள்ளை. கழுத்தில் கை வைத்து அழுத்தி, அவளை நிற்க வைத்தேன்.

பிறகு நெற்றிக் குஞ்சத்தைத் தூக்கி இடது காதைக் காட்டினேன்.

"உங்க வூட்டுதுதான் மாமா. செத்துப்போச்சுன்னு சொன்னீங்களே, அது."

அவர் காதைப் பார்த்தார், என் தலைப்பாகையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். பேண்டுக்காரர்கள் பாட்டை மாற்றுவதற்காக நிறுத்தியிருந்தார்கள். அதனால் நான் கத்த வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

"சீழ் வெச்ச முதுகோட ஏர்பேட்டு ரோட்டுல வுட்டுட்டு வந்தீங்க. நான்தான் தேய்ச்சேன். தாலி அறுத்த கைதான். உங்க மாப்பிள்ளைய இதோ கொண்டாந்து நிறுத்திட்டேன். ஆரத்தி எடுங்க."

அவர் மனைவி ஆரத்தித் தட்டைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டார். யாரோ ஒருவர், "நல்ல நேரத்துல இதெல்லாம் இன்னாத்துக்கு" என்று முணுமுணுத்தார். மாப்பிள்ளையின் தாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். ராசியில்லாதவள் கதை அவர் காதில் மறுபடி ஓடியிருக்க வேண்டும். தட்டிலிருந்து சந்தனத்தை அவரே எடுத்து என் கையில் பூசினார். பிறகு குதிரையின் நெற்றியிலும் பூசினார்.

"இப்ப எடுங்க சம்பந்தி. புள்ள எவ்வளவு நேரம் மேலயே குந்திக்கினு இருப்பான்?" என்றார்.

எடுத்தார்கள். ஆரத்தி சுற்றும்போது அவர் தலை குனிந்தே இருந்தது. தலைநிமிர்ந்தால் என்னைப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் குதிரையைப் பார்க்க வேண்டும். நான் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே நின்றேன். பஸ்ஸில் நினைத்துப் பார்த்த எதுவும் அந்த ருசிக்கு ஈடில்லை.

லாரியில் குதிரையை ஏற்றும்போது மாப்பிள்ளையின் தாய் வெளியே வந்தார். கோபிப்பார் என்று நினைத்தேன். "எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா? நானும் நாலு வார்த்தை தயார் பண்ணி வெச்சிருப்பேனே" என்று சொல்லிவிட்டு, இலை நிறைய இனிப்பைக் கட்டிக் கொடுத்தார்.

கல்யாணப் பெண்ணிடமிருந்து ஒரு வாரம் கழித்துப் போன் வந்தது.

"சின்னம்மா, நைனா அன்னிக்கி ராத்திரி சாப்பிடவே இல்ல. முகூர்த்தத்துல தாரை வார்க்கும்போது பாதித் தண்ணி கீழதான் போச்சு."

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"உங்களுக்கு அவர் செஞ்சது தப்புதான். குதிரைய அப்பிடி வுட்டதும் தப்புதான். எனக்கு இதெல்லாம் தெரியாது சின்னம்மா, இப்பதான் தெரியும். ஆனா என் கல்யாணமா கெடச்சுது உங்களுக்கு?"

"வேற எங்க என்னை உள்ள வுட்டிருப்பாரு?" என்றேன்.

அவள் போனை வைத்துவிட்டாள். அவள் கேட்டது முள்ளாகக் குத்தியது. இப்போதும் சில நேரம் குத்துகிறது. அதற்காக அன்று அந்தக் குஞ்சத்தைத் தூக்காமல் இருந்திருப்பேனா என்று கேட்டால், தூக்கியிருப்பேன்.

அந்தக் கதை திருப்பதி மண்டபங்களில் பரவியது. ஆர்டர்கள் என்னைத் தேடி வரத் தொடங்கின. ஸ்ரீ சிட்டி வேலையை விட்டேன். சிலர் இன்னமும் விதவை பிடிக்கும் குதிரை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். போகட்டும். முஸ்லிம் வீடுகளும் கிறிஸ்தவ வீடுகளும் அந்த அம்மாவைப் போன்றவர்களும் எங்கள் இரண்டு பேருக்கும் போதும்.

போன மாசி மாதம் என் கணவரின் அண்ணன் வந்தார். ஒரு முற்பகல். நான் அவளுடைய பின்னங்குளம்பைத் தொடையில் வைத்துச் சுரண்டிக்கொண்டிருந்தேன். வேலிக்கு வெளியே பைக்கை நிறுத்திவிட்டு அங்கேயே நின்றார். இளைத்திருந்தார். லைட்டு வண்டியையும் குதிரையையும் சேர்த்து நடத்தலாம், தம்பி இருந்தபோது மாதிரி, என்றார். நான் நான்கு குளம்பையும் முடித்தேன். பிறகு முழு உடம்பையும் தேய்த்தேன். பிறகு வாலைச் சிக்கெடுத்தேன். வெயிலில் அவர் துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். உள்ளே வாங்க என்று நான் சொல்லவில்லை.

"இன்னாம்மா சொல்ற?" என்றார் கடைசியில்.

"அவளாண்ட கேளுங்க" என்றேன்.

அவர் வேலி ஓரமாக ஒரு எட்டு முன்னால் வைத்தார். அவள் திரும்பிப் பின்பக்கத்தைக் காட்டி நின்றாள். ஒரு பின்னங்கால் நுனியில் நின்றது, உதைப்பதற்குத் தயாராக. அவர் அதைப் புரிந்துகொண்டார். என்ன இருந்தாலும் குதிரை வைத்திருந்தவர்தானே. பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார்.

மன்னித்துவிடேன், வயதாகிறது அவருக்கு என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். எனக்கும்தான் வயதாகிறது என்று சொல்லிவிட்டு, பம்பு செட்டிலிருந்து அடுத்த வாளித் தண்ணீரைக் கொண்டுவரப் போனேன்.